காதால் மட்டும் கேட்டவர்

பக்கத்து வீட்டு லாத்தாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் வீட்டுத் தண்ணீர்ச் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. தோ பாயோவில் அந்தப் பழைய அடுக்குமாடி புளோக்கில் எங்கள் இரண்டு வீட்டுக் கழிப்பறைகளுக்கும் நடுவே ஒரே சுவர். நான் கல்யாணமாகி சிங்கப்பூர் வந்த புதிது. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தவள், இங்கே வேலை அனுமதி வரும்வரை வீட்டில்தான் இருந்தேன். கணவர் அலுவலகம் போனபின் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவேன். அந்த மத்தியானத் தூக்கத்துக்குள் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு வெள்ளம் வரும். சங்கிலியை இழுத்ததும் உயரத்தில் இருந்த தொட்டியிலிருந்து மொத்தத் தண்ணீரும் தடதடவென்று இறங்கும். பீங்கானைச் சுற்றிச் சுழலும். கடைசியில் யாரோ பெரிய ஆள் ஒரு மிடறு விழுங்குவதுபோல முடியும். மழை பிடித்துக்கொண்டது, துணியை எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே மறுபடி தூங்கிப்போவேன். விழித்துப் பார்த்தால் வெளியே வெயிலில் கண் கூசும். சன்னலுக்கு வெளியே நீட்டிய மூங்கில் கம்புகளில் துணி காய்ந்து விறைத்திருக்கும்.

லாத்தா என்றால் அக்கா. தமிழ் முஸ்லிம் வீடுகளில் அப்படிக் கூப்பிடுவார்கள். எங்கள் மாடியில் எதிர்வீட்டுச் சீனப் பெரியவர்கூட அவரை 'லாத்தா' என்றுதான் அழைத்தார். அதுதான் அவர் பெயர் என்று நினைத்திருந்தாரோ என்னவோ. எனக்கு அவர் பெயர் தெரியும். எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது.

நாற்பத்தைந்து வயது இருக்கும். சின்னப் பிள்ளையாக இருந்தபோது வந்த ஒரு காய்ச்சலில் இரண்டு கண்ணிலும் பார்வை போய்விட்டது. அம்மா, அவர் சொல்லில் உம்மா, இருந்தவரை உம்மாவோடு இருந்தார். அவர் மவுத்தான பிறகு அதே வீட்டில் தனியாக இருந்தார். ஒரு கம்பெனியில் தொலைபேசி எடுக்கும் வேலை. ஆங்கிலத்தில் ஒரு குரல், மலாயில் ஒரு குரல், தமிழில் ஒரு குரல் என்று வைத்திருந்தார். தமிழ்க் குரலில் மட்டும் கொஞ்சம் சிரிப்பு கலந்திருக்கும். காலையில் போய் மத்தியானம் திரும்பிவிடுவார்.

தமிழில் காதால் கேட்பதற்கும் வாய்விட்டுக் கேட்பதற்கும் ஒரே சொல். லாத்தாவுக்கு முதலாவது மட்டும் போதும். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டார்.

ஒருநாள் லிஃப்ட் வாசலில் நின்றபோது அவர் காலைப் பார்த்தேன். ஒரு செருப்பு பழுப்பு, மற்றது நீலம். சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன்.

"நீ மூச்ச பிடிச்சுக்கிட்டு நிக்கிறது தெரியுதுலா. என்னா விசயம்?" என்றார். பேச்சின் முடிவில் 'லா' சேர்ப்பது இந்த ஊர் வழக்கம்.

சொன்னேன்.

"வலதும் இடதும் சரியா இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்ப போதும்." அப்படியே வேலைக்குப் போய்விட்டார். திரும்பி வந்து, எந்தச் செருப்பு எந்த நிறம் என்று பார்த்து ஜோடி சேர்த்து வைக்கும்படி என்னிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மறுநாள் சரியான ஜோடியோடு போனார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று நானும் கேட்கவில்லை.

இன்னொரு முறை ரயிலில் வரும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சலில் தோ பாயோ அறிவிப்பைத் தவறவிட்டார். பக்கத்தில் இருந்தவரிடம் 'இது எந்த ஸ்டேஷன்' என்று கேட்டிருந்தால் முடிந்தது. கேட்காமல் உட்கார்ந்தே போனார். ரயில் தீவின் வடகோடிவரை போய், கூட்டம் குறைந்து, கதவு திறக்கும்போது உள்ளே வந்த காற்று மாறிய பிறகுதான் இறங்கினார். நடைமேடையில் யாரோ ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி தானாகவே, "அக்கா, இது கிராஞ்சி. எங்க போவணும்?" என்று கேட்டு எதிர்ப்பக்க ரயிலில் ஏற்றிவிட்டிருக்கிறார்.

"பயமா இல்லியா லாத்தா?" என்றேன்.

"எதுக்கு? மண்ணு வாசம் வந்துச்சு. செடி நர்சரிக்குத் தண்ணி விட்டிருப்பாங்க போல. நல்லா இருந்துச்சுலா." சொல்லும்போது முகத்தில் உல்லாசப் பயணம் போய்வந்த களை.

தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்கு ஒருமுறை என்னோடு வந்தார். வந்தார் என்று சொல்கிறேனே தவிர, கூட்டிப்போனவர் அவர்தான். பூக்கடை, மசாலா அரைக்கும் கடை, இரும்புச் சாமான் கடை என்று மூக்காலும் காதாலும் வழி பிடித்துக்கொண்டு சிராங்கூன் சாலையில் எனக்கு முன்னால் நடந்தார். ஒரு துணிக்கடையில் முக்காட்டுத் துணியை விரல்களுக்கிடையே வைத்து வெகுநேரம் நிரடினார். பிடித்ததும் வாங்கினார். நிறத்தைக் கேட்கவே இல்லை. அது பச்சை, கிளிப்பச்சை. எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. சொல்லவில்லை.

ஏன் இப்படி என்று வீட்டுக்கு வந்த பிறகு கேட்டேன்.

"ஒண்ணு கேட்டா அதோட நிறுத்த மாட்டாங்க தங்கச்சி. பாவம்னு நெனச்சு எல்லாத்தையும் அவங்களே செய்வாங்க. அப்புறம் நம்ம வீடு நம்ம வீடா இருக்காது."

அந்த வருஷம்தான் எங்கள் புளோக்கில் மேம்பாட்டுப் பணி நடந்தது. மாடி மாடியாக வந்து பழைய கழிப்பறைகளை இடித்துப் புதுசு வைத்தார்கள். தரைக்குப் புது ஓடு, சுவருக்குப் புது ஓடு, சங்கிலி இல்லாத வெள்ளைத் தொட்டி. அதன் தலையில் இரண்டு பித்தான்கள்: சின்னதை அமுக்கினால் பாதித் தண்ணீர், பெரியதை அமுக்கினால் முழுத் தண்ணீர். முழுத் தண்ணீர் என்றாலும் பழைய தொட்டியின் வெள்ளத்தில் பாதிகூட இருக்காது. தண்ணீரை மிச்சப்படுத்தும் நல்ல ஏற்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. சத்தமும் இல்லை. பட்டுத்துணியை மடிப்பதுபோல ஒரு சரசரப்பு, அவ்வளவுதான். எப்போதாவது முதல் முறை முழுக்கப் போகாது. எட்டிப் பார்த்து, போதாவிட்டால் இன்னொரு தடவை அமுக்கிவிட்டு வெளியே வந்துவிடுவேன். எட்டிப் பார்ப்பது என்று ஒரு காரியத்தைத் தினமும் செய்கிறேன் என்பதே எனக்கு அதுவரை தெரியாது.

மத்தியானங்களில் சுவருக்கு அப்பால் மழை நின்றுபோனது. அதற்குப் பதிலாக வாளியில் குழாய்த் தண்ணீர் நிறையும் சத்தம், ஊற்றும் சத்தம், மறுபடி நிறையும் சத்தம் என்று நெடுநேரம் கேட்கும். குளியலறையைக் கழுவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

நோன்பு மாதம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நோன்பு திறக்க லாத்தா தன் தம்பி குடும்பத்தை அழைத்திருந்தார். என்னையும் என் கணவரையும் கூப்பிட்டார். தம்பி வடக்கே உட்லண்ட்ஸில் இருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். உள்ளே வந்ததும் அடுப்பைப் பார்த்தார். பிறகு மின்கம்பிகளை, ஈரத் தரையை, சன்னல் கம்பியைப் பார்த்தார். அக்காள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்படித்தானாம். அவர் மனைவி நல்ல பெண்மணி. எல்லா வேலையும் இழுத்துப் போட்டுச் செய்வார், குரல்தான் கொஞ்சம் பெரிது.

பேரீச்சம்பழத்தைக் கடித்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். லாத்தா ஒவ்வொரு கிண்ணமாகக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். கஞ்சி விழும் ஓசையிலேயே கிண்ணம் எவ்வளவு நிறைந்தது என்று அவருக்குத் தெரியும். ஒரு சொட்டு வெளியே போகாது. அப்போது தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டே குளியலறைப் பக்கமிருந்து வந்தார்.

"லாத்தா, டாய்லெட் ஃபிளஷ் ஒழுங்கா ஆகல. பரவாயில்ல, நான் பாத்துக்கிட்டேன், சுத்தம் பண்ணிட்டேன்."

அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அறை முழுவதும் கேட்டது.

"இதுக்குத்தான் லாத்தா சொல்றேன்," என்றார் தம்பி. "எத்தனை நாளா சொல்றேன். உட்லண்ட்ஸ் வந்துருங்க. ரூம் சும்மாதானே கெடக்கு."

லாத்தா அடுத்த கிண்ணத்தில் ஊற்றினார். கஞ்சி விளிம்பைத் தாண்டி மேசையில் வழிந்து என் கைவரை வந்தது. சூடு. நான் கையை எடுக்காமல் வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு வாளிச் சத்தமும் நின்றுவிட்டது. சுவருக்கு அப்பால் ஆள் குடியிருப்பதாகவே தெரியவில்லை. வெயில் கொளுத்தும் நேரத்தில் லாத்தா கைத்தடியைத் தட்டிக்கொண்டு வெளியே போவதும் வருவதுமாக இருந்தார். நோன்பு முடிந்து பெருநாளும் போன பிறகும் அவர் தண்ணீர் குடித்து நான் பார்க்கவில்லை. தேநீர் கொடுத்தால் "அப்புறம்லா" என்பார். ஒருநாள் ரயில் நிலையத்தில் கழிப்பறை வாசலில் அவரைப் பார்த்தேன். வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தது.

"இங்க எதுக்கு லாத்தா? வீடு இவ்வளவு பக்கத்துல இருக்கே?"

"இங்க எந்திரிச்சா தானா தண்ணி ஓடிரும். அடுத்து வர்றவங்க என்னத்த கண்டாலும் அது யாருதுன்னு யாருக்கும் தெரியாது." தடியை மடக்கி மறுபடி விரித்தார். "நம்ம வீட்டுலதான் எல்லாம் நம்மளுது."

ரொம்ப நாள் அப்படி ஓடவில்லை. சிறுநீரகத்தில் தொற்று வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தண்ணீர் குடிக்காமல் இருந்திருக்கிறார் என்று டாக்டர் சொன்னாராம். நான் பார்க்கப் போனபோது தம்பி கட்டிலருகே நின்று, வீட்டை வாடகைக்கு விட்டுவிடலாம், பெட்டிகளுக்குச் சொல்லிவிட்டேன் என்று பேசிக்கொண்டிருந்தார். அவர் கண் சிவந்திருந்தது. லாத்தா போர்வை நுனியை நிரடிக்கொண்டு படுத்திருந்தார்.

லாத்தா வீடு திரும்பிய மறுநாள் மத்தியானம் என் கதவு தட்டப்பட்டது. அதுவரை அவர் என் கதவைத் தட்டியதே இல்லை. வாசலில் நின்றார். வெளியே காற்று, யாரோ காயவைத்த படுக்கைவிரிப்பு படபடத்தது. அது அடங்கும்வரை காத்திருந்தார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க லாத்தா."

"கேக்கணும்," என்றார் மறுபடி. "பழசுல முடிஞ்சிருச்சுன்னா சத்தமே சொல்லிரும். கடைசியா முழுங்குமே, அது கேட்டா போதும். சந்தேகமே வராது. இது ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. போச்சா, கெடக்கான்னு தெரியல. வாளி வாளியா ஊத்தினாலும் தெரியல. தொழப் போய் நின்னா மனசு அங்கயே நிக்கிது. நீ உள்ள நின்னு பாத்துச் சொல்லணும். நான் அமுக்குறேன். போச்சுன்னா போச்சு, போகலன்னா போகல. எனக்கு அந்தச் சத்தம் புரியணும்."

அவர் முகம் கழுத்துவரை சிவந்திருந்தது. "என் வேலையே அதுதானே லாத்தா, சோதனை பண்றது," என்றேன்.

எதைப் போட்டுச் சோதிப்பது என்பதுதான் முதல் பிரச்சினை. என் வீட்டில் மீந்த இட்லி இருந்தது. "சோத்த அதுல போடாதே, பாவம்," என்றார். பிறகு புழு வைத்துப்போன கோதுமை மாவு நினைவுக்கு வந்தது. எறிவதற்காகக் கட்டி வைத்திருந்தேன். அது சம்மதம். அதை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். அவரே பாத்திரத்தில் கொட்டித் தண்ணீர் தெளித்துப் பிசைந்தார்.

"இவ்வளவு கெட்டியா வேணாம் லாத்தா," என்றேன்.

"அது ஆளைப் பொறுத்ததுலா," என்றார் முகத்தை மாற்றாமல்.

நான் சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் மாவுக் கையோடு சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "சே, சே, அத வாயால சொல்லாதே," என்று என்னை அதட்டினார். நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை.

பிறகு வேலை தொடங்கியது. நான் மாவைப் போடுவேன், அவர் அமுக்குவார். ஒரு கையைச் சுவரில் பதித்து, தலையைச் சாய்த்து நிற்பார். நான் பார்த்துச் சொல்வேன்.

"போகல."

சின்னப் பித்தான் மாவை நகர்த்தக்கூட இல்லை. பெரியது பெரும்பாலும் கொண்டுபோனது. காகிதமும் சேர்ந்தால் சிலசமயம் ஒரு துண்டு திரும்பி வந்து மிதக்கும், சிலசமயம் பீங்கானில் ஒரு கோடு நிற்கும்.

"போச்சு... இல்ல, கொஞ்சம் இருக்கு."

"கொஞ்சம்னா இருக்குன்னு அர்த்தம்," என்பார். "மறுபடி."

ஒவ்வொரு முறையும் தொட்டி நிறையக் காத்திருக்க வேண்டும். அந்த நேரங்கள்தான் எனக்கு இப்போது அதிகம் நினைவிருக்கின்றன. கண்ணாடிப் பட்டைச் சன்னலின் வழியே வெயில் கோடுகளாக விழுந்து புது ஓடுகளில் அசைந்துகொண்டிருந்தது. தொட்டிக்குள் தண்ணீர் மெல்லிய இழையாக ஏறியது. இரண்டு பெண்கள், மதிய நேரம், ஒரு கழிப்பறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கேயும் போகிற அவசரம் இல்லாமல் நின்றோம். பேச்சு தானாக வந்தது.

"இதெல்லாம் எங்கலா போகுது?"

"கடைசியில சுத்தம் பண்ணித் திரும்பத் தண்ணியாக்கிடுறாங்களாம் லாத்தா. ஒரு பகுதி நம்ம குடிதண்ணியிலயே கலக்குமாம்."

"அப்ப எதுவுமே போகல." தொட்டி மூடியைத் தடவினார். "சுத்திக்கிட்டே இருக்கு."

தொட்டி நிறைந்து சத்தம் அடங்கியது. அமுக்கினார்.

"போச்சு," என்றேன்.

"இரு, பேசாதே." முகம் இறுகியிருந்தது. "மறுபடி."

எத்தனை தடவை என்று எண்ணவில்லை. திடீரென்று ஒரு தடவை நான் வாயைத் திறக்குமுன் அவர் சொன்னார்: "போச்சு."

எட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

"எப்படி?"

"தண்ணி எறங்கின பிறகு கடைசியில குட்டியா ஒரு காத்து இழுக்குது. கொழந்த விக்கல் எடுக்குமே, அந்த மாதிரி. அது வந்தா போச்சு. எதாவது கெடந்தா அந்த விக்கல் வராது, இழுத்துக்கிட்டே முடிஞ்சிரும்."

நான் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அடுத்து, "கெடக்கு," என்றார். கிடந்தது. அடுத்து, "போச்சு," என்றார். காகிதம் ஒரு துண்டு மிதந்தது. தப்பு என்றேன். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி அமுக்கினார். மாவு தீரும்வரை நடந்தது. கடைசியில் தப்பே வரவில்லை. வெயில் கோடுகள் ஓட்டிலிருந்து சுவருக்கு ஏறியிருந்தன.

கையைக் கழுவிக்கொண்டு சமையலறைக்கு வந்தார். ஒரு பெரிய கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, நின்றபடி குடிக்கப்போனவர் நாற்காலியில் உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார். முடித்துவிட்டு இன்னொரு டம்ளர் ஊற்றினார். அதையும் குடித்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. லாத்தா கேட்க ஆரம்பித்தார். "கேக்கவே கூடாதத உங்கிட்ட கேட்டாச்சு. இனி மத்ததுக்கெல்லாம் என்னா வெக்கம்?" என்றார். முதலில் சின்னச் சின்னதாக. இந்த முக்காடு என்ன நிறம்? கிளிப்பச்சை என்றதும், "இத்தன நாளா இதப் போட்டுக்கிட்டா மையத்து வீட்டுக்குப் போயிட்டு வந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மையத்து வீடு என்றால் சாவு வீடு. எதிர்வீட்டுப் பெரியவர் பேசும்போது சிரிக்கிறாரா, சும்மா பேசுகிறாரா? மழைக்கு முன்னால் எதிர்ப்புளோக் எப்படி இருக்கும்? நான் காரிடாரில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வானத்தைச் சொல்லிக்கொண்டிருப்பேன். சொல்லிச் சொல்லி எனக்கும் பார்க்கப் பழகியது. இப்போது பொங்கோலில் வேறு வீட்டில் இருக்கிறேன். மழை கறுத்தால் இன்றும் மனதுக்குள் யாருக்கோ சொல்ல ஆரம்பித்துவிடுகிறேன்.

தம்பி பெட்டிகளோடு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மடித்த அட்டைப் பெட்டிகளைச் சுவரில் சாய்த்து வைத்தார். துணி மடிக்க உதவலாம் என்று நானும் போயிருந்தேன்.

"நான் வரலடா," என்றார் லாத்தா. "போய் டாய்லெட்டப் பாத்துட்டு வா."

அவர் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்தார். அங்கே குறை சொல்ல எதுவும் இல்லை போல, பெட்டிகளைத் தொடாமல் உட்கார்ந்தார். லாத்தா தேநீர் வைத்தார்.

"லாத்தா, அது மட்டும் இல்ல. நாளைக்கு விழுந்து வச்சா? நீங்க எதையும் வாயத் தொறந்து கேக்க மாட்டீங்க. யாருக்குத் தெரியும்?"

"சரி, கேக்குறேன். ஒண்ணு கேக்கட்டா?"

"என்னா, வீட்டு விசயமா?"

"இல்ல." முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். "நான் இப்ப பாக்க யாரு மாதிரி இருக்கேன்? உம்மா மாதிரியா, வாப்பா மாதிரியா?"

தம்பியின் கையில் தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது. அடுப்பையும் கம்பியையும் தரையையும் அத்தனை வருஷமாகப் பார்த்துவந்த மனிதர். கோப்பையை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்து அக்காளுக்கு எதிரே போட்டார்.

"கொஞ்சம் சன்னல் பக்கம் திரும்புங்க."

திரும்பினார்.

"மூக்கு வாப்பாவோடது. தாடையும்தான்." நிறுத்தினார்.

"கண்ணையும் சொல்லுடா. ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "கண்ணு உம்மாவோடது," என்றார். "அப்படியே உம்மாவோடது லாத்தா."

"முடி நரைச்சிருச்சா?"

"பாதி."

"ஒனக்கு?"

"எனக்கு முழுசா நரைச்சுப் போச்சு. முன்னாடி சொட்டை வேற."

"பொய்," என்று சிரித்தார் லாத்தா. கையை நீட்டினார். தம்பி நாற்காலியிலிருந்து இறங்கி, அந்தக் கை எட்டும்படி தரையில் முட்டி போட்டுத் தலையைக் கொடுத்தார்.